எட்டாம் நம்பர்ச் சப்பாத்தும் பத்தாம் நம்பர்க் காலும்

போன வாரம் மன்னார் பஸ் நிலையத்தில் நின்றபோது, முன்பின் தெரியாத ஒருவர் என் கால்களை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். மறுபடியும் கால்களை.

“எப்ப வந்தனீங்கள்?” என்று கேட்டார்.

“இப்பதான்... பேசாலை பஸ்ஸில.”

“அதில்லை அண்ணை. கனடாவில இருந்து?”

தவறு அவருடையதல்ல. என் கால்களில் கிளிப்பச்சை நிறத்தில் ஒரு சோடிச் சப்பாத்து இருந்தது. எங்கள் பக்கத்தில் ஐம்பதை எட்டப்போகும் ஒருவன் இப்படிச் சப்பாத்தோடு நின்றால், ஒன்று அவன் வெளிநாட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். அல்லது வந்தவர் விட்டுவிட்டுப் போனதைப் போட்டிருக்க வேண்டும்.

நான் என்ன செய்தேன்? மறுத்துச் சொல்ல வெட்கப்பட்டு, “ரெண்டு கிழமை” என்றேன். அவர் உடனே அங்கே குளிர் எப்படி என்று கேட்டார். நான் மீன் வாடிக் கொட்டிலில் ஐஸ் உடைக்கிறவன். குளிரைப் பற்றிப் பேச எனக்குச் சிரமமில்லை. பஸ் வரும்வரை சமாளித்துவிட்டேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் வெட்கம் பழகிப்போயிருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் ஏன் எழுதுகிறான் என்று சிலர் கேட்பதுண்டு. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை — அவ்வளவுதான் காரணம்.

சரி, சப்பாத்துக்கு வருவோம்.

மூன்று மாதங்களுக்கு முன், சீனி வருத்தக் கிளினிக்கில் டொக்டர் என் இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். இரண்டும் அவருக்குப் பிடிக்கவில்லை.

“ஐயா, குளிசை மட்டும் விழுங்கினால் காணாது. உடம்பு அசைய வேணும். அடுத்த கிளினிக்குக்குள்ள சீனி குறையேல்லை எண்டால் ஊசி தொடங்குவம். ஒவ்வொரு நாளும் நீங்களே போடலாம்... வயித்தில.”

வயிற்றிலா? நானேயா? ஒவ்வொரு நாளுமா?

ஊசி என்றால் எனக்கு எப்படிப் பயம் என்று உங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசி போட வந்த அன்று, கையில் இருந்த சிலேட்டைப் போட்டுவிட்டு வேலி பாய்ந்தவன் நான். என் படிப்பு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று என் மனைவி றோசலின் இன்றும் சொல்லுவாள்.

“நான் ஐஸ் உடைக்கிறனான்தானே டொக்டர், உடம்பு அசையுதுதானே?” என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பொய். ஐஸ் அரைக்கும் மெஷின் வந்த பிறகு, நான் உடைப்பது சுவிட்சைத் தட்டுவதோடு சரி.

ஆகவே நடக்கத் தொடங்கினேன். காலையில், வாடிக்குப் போவதற்கு முன், தலைமன்னார் ரோட்டில் நடை.

எங்கள் மன்னார்த் தீவில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? நடக்க விடமாட்டார்கள். ரோட்டில் ஒருவன் நடந்தால் அவனுக்கு வாகனம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். முதல் நாள் முதல் மோட்டார் சைக்கிள் நின்றது.

“எங்கையண்ணை போறியள்? ஏறுங்கோ.”

“இல்லைத் தம்பி, சும்மா...”

“சும்மாவோ? என்னத்துக்கு வெக்கப்படுறியள், ஏறுங்கோ அண்ணை!”

வெட்கப்படாதே என்று சொன்னால் வெட்கப்படுகிறவன் என்ன செய்வான்? ஏறினேன். தலைமன்னார் இறங்குதுறை வரை கொண்டுபோய் இறக்கிவிட்டார். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. கடலைப் பார்த்தேன், தேநீர் குடித்தேன், பஸ்ஸில் திரும்பி வந்தேன். மறுநாள் ஒரு ஓட்டோ. அடுத்த நாள் மீன் லொறி. அந்த வாரம் முழுவதும் உடற்பயிற்சி என்று சொல்லிக்கொண்டு தீவைச் சுற்றிச் சவாரி போனேன். தேநீருக்குச் சீனி வேறு.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஓடுகிறவனை யார் மறித்து ஏற்றுவார்கள்?

அடுத்த நாள் விடிய, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பையும் கழற்றிவைத்துவிட்டு, கடற்கரைப் பக்கமாக ஓடத் தொடங்கினேன். யோசனை நல்லது. ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். மீன்பிடிக்கிற ஊரில் வளர்ந்த ஆம்பிளை ஒருவன் காலையில் கடலை நோக்கி ஓடினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

தேநீர்க் கடையில் நின்றவர்கள் என்னைக் கண்டார்கள்.

“டேய், செபமாலை ஓடுறானடா! ஆருக்கு என்ன?”

“எந்த வள்ளம்?”

நின்று, “ஒண்டுமில்லை, சீனி வருத்தம்” என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? நான் இன்னும் வேகமாக ஓடினேன். நான் வேகமாக ஓட, விசயம் பெரிது என்று அவர்களும் வேகமாக ஓடி வந்தார்கள். வழியில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ரோட்டில் படுத்திருந்த கழுதைகள்கூட எழும்பி, எங்கே போவதென்று தெரியாமல், எங்களோடு சேர்ந்து ஓடின.

கரையில் ஓட இடமில்லாமல் நின்றேன். என் பின்னால் பாதி ஊர். என் முதலாளி மரியதாஸ் சம்மாட்டி — இரண்டு மூன்று வள்ளங்களுக்குச் சொந்தக்காரர் — நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“என்னடா? சொல்லித் துலையடா! எங்கட வள்ளமோ?”

கோயில் மணிக்கயிற்றை ஒருவர் பிடித்துக்கொண்டு, அடிப்பதா விடுவதா என்று அங்கிருந்தே கத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எக்சசைஸ்...” என்றேன்.

சம்மாட்டி அன்றைக்கு என்னைச் சொன்னதை இங்கே எழுத முடியாது. சுவாமியாரும் வாசிக்கிற பத்திரிகை இது.

வீட்டுக்குப் போனபோது செய்தி எனக்கு முன்பே போயிருந்தது. றோசலின் சிரித்து முடியும்வரை காத்திருந்தேன். அதற்கு நேரமெடுத்தது.

“இஞ்சருங்கோ, சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஓடுங்கோ” என்றாள் கடைசியில். “சப்பாத்தோட ஓடினால் ஒருத்தரும் பயப்படாயினம். கடலில விழுந்தவனைக் காப்பாத்த ஆராவது சப்பாத்துப் போட்டுக்கொண்டு போவினமோ?”

மறுக்க முடியாத நியாயம்.

எனவே, அன்பர்களே, மற்றவர்கள் ஓட்டச் சப்பாத்து வாங்குவது காலுக்காக. நான் வாங்கியது ஊர் பார்ப்பதற்காக. தூரத்தில் வரும்போதே ‘இது ஆபத்தல்ல, செபமாலைதான்’ என்று தெரிய வேண்டும். அதற்கு எந்த நிறம் நல்லது? மன்னார்ப் பட்டினத்துக் கடையில் செம்மஞ்சளில் ஒன்று இருந்தது. கடலில் போடும் மிதவையின் நிறம். அதைக் காட்டினேன்.

“என்ன நம்பர் அங்கிள்?” கடையில் நின்ற பிள்ளை கேட்டாள்.

“எட்டு.”

எட்டு என்று எப்படித் தெரியும்? என் கலியாணச் சப்பாத்து எட்டு. அதற்குப் பிறகு நான் சப்பாத்து வாங்கியதே இல்லை. ஞாயிறு பூசைக்கும் செருப்புத்தான். மணலிலும் ஈரத்திலும் வெறுங்காலோடு நின்று நின்று, பாதம் இத்தனை வருடத்தில் பலாப்பழம் மாதிரி அகன்றிருக்கிறது. வயிறு பெருத்தது எனக்குத் தெரியும். கால் பெருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

காலை வேளை. காற்சட்டையின் கீழே வெறுங்கால். உள்ளே தள்ளினேன். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டன, கோயில் திருவிழாவுக்குப் போகும் லொறியில் ஆட்கள் போல.

“சரியோ அங்கிள்? நடந்து பாருங்கோவன்.”

கடையில் நாலுபேர் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் எப்படி நடந்து காட்டுவது? அந்தப் பிள்ளை ஏற்கெனவே இரண்டு பெட்டி திறந்துவிட்டாள். இன்னொன்று கேட்டால் என்ன நினைப்பாள்?

“அச்சு அளவு” என்றேன். போடப்போட நெகிழும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோல் சப்பாத்து நெகிழும். இந்தத் துணிச் சப்பாத்து நெகிழாது. எங்கள் இருவரில் யாராவது ஒருவர் நெகிழ வேண்டுமென்றால், அது நான்தான்.

நிறம் மட்டும் வேலை செய்தது. ஒருவரும் பயப்படவில்லை. “மிதவை போகுது” என்று சிரித்தார்கள், அவ்வளவுதான். நான் கரையோரம், தண்ணீர் தொட்டுப் போகும் இறுகிய மணலில், தலைமன்னார்ப் பக்கமாக ஓடினேன். ஓடும்போது யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. பதில் சொல்ல வேண்டியதில்லை. மூச்சு வாங்குகிறது என்று கையைக் காட்டினால் போதும். வெட்கப்படுகிறவனுக்கு இதைவிடச் சொர்க்கம் உண்டா? எனக்கு ஓட்டம் பிடித்துப்போனது. உற்சாகத்தில் ஒவ்வொரு நாளும் முந்திய நாளைவிட அதிகம் ஓடினேன்.

இரண்டாவது கிழமை, பெருவிரல் நகங்கள் இரண்டும் கறுத்தன. மூன்றாவது கிழமை, சின்ன விரலில் கொப்புளம். அதற்கடுத்து, ஒருநாள் விடிய பாயிலிருந்து எழும்பி வலது காலை நிலத்தில் வைத்தேன்... குதிக்காலில் யாரோ ஆணி அடித்ததுபோல இருந்தது. கத்தினேன். றோசலின் பாம்பு என்று நினைத்து, வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு ஓடி வந்தாள்.

அதிசயம் என்னவென்றால், கொஞ்சம் நடந்ததும் நோ குறைந்துவிடும். மறுநாள் விடிய, அதே ஆணி.

இனி ஊர் விடுமா? எங்கள் பக்கத்தில் ஒருவன் நொண்டினால், அவன் எல்லோருக்கும் பொதுச் சொத்து. ஒருவர் செங்கல்லைச் சூடாக்கி எருக்கிலை வைத்து மிதி என்றார். இன்னொருவர் புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போடு என்றார். சம்மாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“இதெல்லாம் சும்மா கதை. நோவை நோவாலதான் எடுக்க வேணும். இன்னும் கூட ஓடு, செபமாலை. நரம்பு இறுகிப் போச்சு, ஓட ஓட விட்டிடும்.”

முதலாளி சொல்லும்போது மறுக்க முடியுமா? ஓடினேன். அன்று பின்னேரம் வாடிக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். சம்மாட்டி பார்த்துவிட்டு, “நீ பிழையா ஓடியிருக்கிறாய்” என்றார்.

சிரித்தாலும் உள்ளுக்குள் கிலி. கிளினிக்குக்கு இன்னும் ஒரு மாதமும் கொஞ்சமும். ஓட முடியாது, நடந்தாலும் நோ, உட்கார்ந்தால் சீனி ஏறும். கண்ணை மூடினால் வயிறும் ஊசியும். வயிற்றுக்குப் பயந்து ஓடி, கடைசியில் காலையும் கெடுத்துக்கொண்டேன். இப்படியொரு புத்திசாலியை வேறெங்கே காண்பீர்கள்?

றோசலின் என்னைக் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பிசியோதெரபியில் இருந்தது அடம்பன் கிராமத்துப் பிள்ளை. என் மகளின் வயதிருக்கும். காலைத் திருப்பிப் பார்த்ததும் முதலில் கேட்டது குதிக்காலைப் பற்றி அல்ல.

“ஐயா, உங்களுக்குச் சீனி இருக்கோ?”

“ஓம்.”

“சீனியை வச்சுக்கொண்டு, கொப்புளத்தோட ஓடினனீங்களோ? அந்தப் புண் பெருத்திருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு தெரியுமோ? ஒவ்வொரு நாளும் படுக்கமுந்திப் பாதத்தைப் பாக்க வேணும். கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி.”

“அவர் கண்ணாடியும் பாக்கிறேல்லை, பிள்ளை” என்றாள் றோசலின்.

அந்தப் பிள்ளை குதிக்காலை அமுக்கினாள். நான் கூரையைப் பார்த்தேன்.

“இதிலதான் நோகுது என்ன? பாதத்துக்குக் கீழ ஒரு நார் இருக்கு, அது நொந்து போச்சு. ஓடுறவைக்குக் கனபேருக்கு வாறதுதான். ஆனால் வலது காலில மட்டும் ஏன் இப்பிடி? எங்க ஓடுறனீங்கள்?”

“கரையில.”

“கரை சரிவெல்லோ. கடல் பக்கத்துக் கால் எப்பவும் பள்ளத்தில இருக்கும். சரி, திரும்பி வரேக்க மற்றக் கால் பள்ளத்துக்கு வரும்தானே?”

நான் மறுபடியும் கூரையைப் பார்த்தேன்.

“திரும்பி ஓடி வாறதில்லையோ?”

“ரோட்டுக்கு ஏறினால்... ஆராவது மோட்டார் சைக்கிளை நிப்பாட்டுவினம்” என்றேன் மெதுவாக.

அந்தப் பிள்ளை சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்கே பாவமாக இருந்தது. அதாவது, அன்பர்களே, நான் ஒவ்வொரு நாளும் ஒரே திசையில், ஒரே கால் பள்ளத்தில் வைத்து ஓடியிருக்கிறேன். திரும்பும் வழி முழுவதும் சவாரி. வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லத் தெரியாததற்கு என் வலது குதிக்கால் கட்டிய அபராதம் அது.

பிறகு ஒழுங்காகச் சொல்லித் தந்தாள். நோ ஆறும்வரை ஓட்டம் இல்லை. விடிய எழும்பமுன், பாயில் இருந்தபடியே கால்விரல்களைக் கையால் பிடித்து நம் பக்கம் இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். சுவரில் கையை ஊன்றி, கெண்டைக்காலை இழுத்து நீட்ட வேண்டும். தண்ணீர்ப் போத்தலை உறையவைத்து, சீலை சுற்றி, பாதத்துக்குக் கீழே உருட்ட வேண்டும். வீட்டுச் சீமெந்து நிலத்தில் வெறுங்காலோடு திரியக் கூடாது.

“அதுவரைக்கும் சீனி?” என்று கேட்டேன். நானாகவே கேட்டேன்! பயம் வெட்கத்தைவிடப் பெரிது என்று அன்றுதான் தெரிந்தது.

“நீந்துங்கோ. இல்லாட்டிச் சைக்கிள் ஓடுங்கோ.”

சைக்கிள்! சைக்கிளில் போகிறவனை எவன் மறித்து ஏற்றுவான்? இது ஏன் எனக்கு முதலிலேயே தோன்றவில்லை?

கடைசியில் என் செம்மஞ்சள் சப்பாத்தைத் தூக்கிப் பார்த்து, என் பாதத்தோடு வைத்து அளந்தாள். பாதம் இரண்டு பக்கமும் வெளியே பிதுங்கி நின்றது.

“இது ஆற்ற சப்பாத்து?”

“என்ரதான்.”

“இல்லை ஐயா. இது உங்கட இல்லை. புதுசு வாங்குங்கோ. பின்னேரத்தில போய் வாங்குங்கோ — நாள் முழுக்க நிண்டு கால் வீங்கியிருக்கும், ஓடேக்கயும் அந்த அளவுதான். சொக்ஸ் போட்டுக்கொண்டு, ரெண்டு காலிலயும் போட்டு எழும்பி நில்லுங்கோ. நீட்டு விரலுக்கு முன்னால ஒரு பெருவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேணும். குதி கழரக் கூடாது. கடைக்குள்ள நடந்து பாருங்கோ. நம்பரைப் பாக்காதேங்கோ.”

அடுத்து வந்த வாரங்களில் என் வீட்டில் நடந்தது இதுதான். வாடியில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. போத்தல்களை மீன் ஐஸுக்குள் புதைத்து உறையவைத்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். கதிரையில் இருந்து பாதத்தால் உருட்டுவேன். வாசம் பிடித்துக்கொண்டு அயலில் உள்ள பூனைகள் எல்லாம் வந்து வட்டமாக உட்கார்ந்து போத்தல் போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பும். ஆணி மெல்ல மெல்ல ஊசியானது. பிறகு முள்ளானது. பிறகு ஒருநாள் விடிய நான் எழும்பி அடுப்படிவரை போன பிறகுதான் நோகவில்லை என்பது ஞாபகம் வந்தது.

அன்று பின்னேரம் அதே கடைக்குப் போனேன். அதே பிள்ளை. பஸ்ஸில் போகும்போது முழுவதும் மனதுக்குள் பாடமாக்கிய வசனத்தை மூச்சுவிடாமல் சொன்னேன்.

“அண்டைக்குக் கொண்டுபோனது எனக்கு இறுக்கம் பிள்ளை கனக்கப் பெட்டி திறக்க வேண்டி வரும் குறை நினைக்காதே.”

அவள் என்னைப் பார்த்தாள். “ஐயோ அங்கிள், அதுக்குத்தானே எனக்குச் சம்பளம்! அண்டைக்கே சொல்லியிருக்கலாமே!”

இவ்வளவுதானா? இதற்காகவா இரண்டு நகம் கொடுத்தேன்?

ஒன்பது... ஒன்பதரை... பத்து. அகலமான பத்து. கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். திரும்பியும் நடந்தேன். நாலுபேர் பார்த்தார்கள். பார்க்கட்டும். விரல்கள் ஒவ்வொன்றும் தன் தன் இடத்தில் கால்நீட்டிப் படுத்திருந்தன. அந்த அளவில் ஒரேயொரு நிறம்தான் இருந்தது. கிளிப்பச்சை.

செம்மஞ்சளை றோசலின் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அச்சு அளவு. அதைப் போட்டுக்கொண்டுதான் இப்போது மீன் சந்தைக்குப் போகிறாள்.

ஓட்டத்தை மறுபடி தொடங்கியபோது, ஒரு மின்கம்பத்துக்கு நடை, அடுத்த கம்பத்துக்கு ஓட்டம் என்று பிசியோப் பிள்ளை சொல்லியிருந்தாள். சரிவில்லாத ரோட்டில். இதில் ஒரு சிக்கல். நடக்கிற கம்பத்தில்தான் மோட்டார் சைக்கிள் வரும். சத்தம் கேட்டதும் ஓடத் தொடங்கி, போனதும் நடப்பேன். அப்படியும் ஒருநாள் பிடிபட்டேன்.

“ஏறுங்கோ அண்ணை.”

“இல்லைத் தம்பி. நான் வரேல்லை.”

அவ்வளவுதான். தம்பி போய்விட்டார். கோபிக்கவில்லை, குறை நினைக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. எத்தனை வருடமாக நான் ஏறத் தேவையில்லாத வண்டிகளில் ஏறியிருக்கிறேன்!

நேற்று முன்தினம் கிளினிக். துண்டை டொக்டரிடம் கொடுத்துவிட்டு, வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு இருந்தேன். டொக்டர் துண்டைப் பார்த்தார். பழைய துண்டை எடுத்துப் பார்த்தார்.

“குறைஞ்சிருக்கு ஐயா! நல்லாக் குறைஞ்சிருக்கு. ஊசி இப்போதைக்குத் தேவையில்லை. என்ன செய்தனீங்கள்?”

“ஓடினனான்.”

“ஓடினீங்களோ!” டொக்டர் எழும்பிவிட்டார். கதவைத் திறந்து, வெளியே வாங்குகளில் உட்கார்ந்து நிறைந்திருந்த அத்தனை நோயாளருக்கும் முன்னால் என்னை நிறுத்தினார். “இவரைப் பாருங்கோ! குளிசையைக் கூட்டாமல் சீனியைக் குறைச்சிருக்கிறார். ஐயா, எப்பிடி எண்டு எல்லாருக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ.”

அத்தனை கண்களும் முகத்தில். பிறகு கிளிப்பச்சையில்.

சரிவு, நார், போத்தல், மின்கம்பம், பெருவிரல் அகலம்... சொல்ல எவ்வளவோ இருந்தது. வெளியே வந்தது ஒரு வசனம்.

“சப்பாத்தைப் பின்னேரத்தில வாங்குங்கோ.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அரிப்புக் கிராமத்திலிருந்து வந்திருந்த ஒரு வயோதிபர் என் பக்கம் குனிந்து, காதோடு கேட்டார்.

“ஏன் தம்பி, பின்னேரம் விலை குறைவோ?”

விளக்கம் சொல்லும் தைரியம் எனக்கு அன்றைக்கு முடிந்துபோயிருந்தது. “ஓம்” என்றேன்.

இன்று கேள்விப்படுகிறேன், பட்டினத்துச் சப்பாத்துக் கடையில் பின்னேரத்தில் கூட்டமாம்... விலை குறையவில்லை என்று என்னைத் திட்டட்டும், கால் நோகவில்லை என்று பிறகு நினைத்துக்கொள்வார்கள்.